ஆளுக்கு இரண்டு மீன், ஆட்களுக்குத்தான் அளவில்லை

கேள்வி இது: "ஹூஸ்டனில் இருக்கிறோம். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சின்னப் படகு ஒன்று வாங்கி, வாரக்கடைசியில் கால்வெஸ்டன் பக்கம் போய் ரெட் ஸ்னாப்பர் பிடிக்கலாம் என்று இருக்கிறோம். விசாரித்தால் ஆளுக்கு ரெண்டுக்கு மேல் கூடாது, 16 அங்குலத்துக்குக் குறைந்தால் விட்டுவிட வேண்டும், இந்த மாதம் பிடிக்கலாம் அந்த மாதம் கூடாது என்று ஏகப்பட்ட கெடுபிடி. இழுவலைக் கப்பல்கள் டன் டன்னாக வாரிக்கொண்டு போகிற கடலில், தூண்டில் போட்டு நாலு மீன் பிடிக்கும் எங்களால் என்ன குறைந்துவிடப் போகிறது?"

நான் மீன்வளம் படித்தவன். மெக்சிகோ வளைகுடாக் கரையில் சில வருஷம் படகுத்துறையில் நின்று, திரும்பி வரும் படகுகளை மறித்து, ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மீனை அளந்து எழுதும் வேலை பார்த்திருக்கிறேன். அந்த வேலையில் சேரும்போது என் மனதிலும் இதே கேள்விதான் இருந்தது. அதனால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

உங்கள் ஒரு படகால் கடலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு படகை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. எங்கே கணக்கு மாறுகிறது என்று சொல்கிறேன்.

மொத்தக் கடல் மீனையும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரி. 2002-ல் அமெரிக்காவில் கரைக்கு வந்த கடல் மீனில் பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களின் பங்கு வெறும் 4 சதவீதம். 2004-ல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபெலிசியா கோல்மனும் சக ஆய்வாளர்களும் அந்த 4-ஐப் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் பெரும்பகுதி தீவனத்துக்கும் எண்ணெய்க்கும் போகும் மென்ஹேடன், அலாஸ்கா பக்கத்துப் பொல்லாக் போன்ற ஆலை மீன்கள். அவற்றைக் கழித்தால் பங்கு 10 சதவீதமாகிறது. ஏற்கெனவே அருகிப்போய்க் கவலை தரும் மீன்களை மட்டும் எடுத்தால் நாடு முழுக்க 23 சதவீதம். அதிலும் நீங்கள் படகு விடப்போகிற மெக்சிகோ வளைகுடாவில் 64 சதவீதம்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. வலை கிடைத்ததையெல்லாம் வாரும். தூண்டில்காரர் தேடிப் போவது பெரிய மீனை, ருசியான மீனை, கம்பை வளைத்துச் சண்டை போடும் மீனை. அப்படிப்பட்டவை பெரும்பாலும் மெதுவாக வளர்ந்து நீண்ட நாள் வாழ்பவை. ரெட் ஸ்னாப்பர் ஐம்பது வயதைத் தாண்டியும் வாழும். நம்மூர் மார்க்கெட்டில் சங்கரா என்றும் செப்பிலி என்றும் வாங்குகிறோமே, அந்தச் சொந்தத்தில் இது கொஞ்சம் வசதியான வீட்டுப் பெரியப்பா. இதில் வயதான பெட்டைக்கு மதிப்பு அதிகம். 61 செ.மீ. நீளமுள்ள ஒரு பெட்டை இடும் முட்டையை 42 செ.மீ. பெட்டைகள் இட வேண்டுமானால் 212 வேண்டும் என்பது மீன்வளப் பாடத்தில் பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. தூண்டில்காரர் போட்டோ எடுத்து அனுப்புவது அந்த 61 செ.மீ. மீனைத்தான்.

இப்போது கெடுபிடிக்கு வருவோம். வளைகுடாவில் பிடிக்கலாம் என்று அனுமதிக்கும் ரெட் ஸ்னாப்பரில் 51 சதவீதம் வணிக மீனவர்களுக்கு, 49 சதவீதம் உங்களைப் போன்றவர்களுக்கும் வாடகைப் படகுகளுக்கும். கிட்டத்தட்ட சரிபாதி. வணிக மீனவர்களுக்கு 2007-ல் தனிநபர் ஒதுக்கீடு வந்தது. இன்னாருக்கு இத்தனை பவுண்டு என்று கணக்கில் இருக்கும். தீர்ந்துபோனால் இன்னொருவரிடம் வாங்க வேண்டும், இல்லையென்றால் கரையில் உட்கார வேண்டும். அன்றிலிருந்து அவர்கள் பக்கம் வரம்பைத் தாண்டியது இல்லை என்றே சொல்லலாம். உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆளுக்கு இரண்டு என்று வரம்பு உண்டு. எத்தனை ஆள் என்பதற்கு வரம்பு இல்லை. நாளைக்கே ஹூஸ்டனில் இன்னும் ஆயிரம் பேர் படகு வாங்கினால் அந்த ஆயிரம் பேருக்கும் ஆளுக்கு இரண்டு உண்டு. கடலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு மீனும் வந்து சேராது.

மீதமிருந்த ஒரே பிடி நாட்களைக் குறைப்பதுதான். 1996-ல் மத்திய அரசுக் கடலில், அதாவது கரையோர மாநிலங்களின் எல்லைக்கு அப்பாலுள்ள கடலில், வருஷம் முழுக்கப் பிடிக்கலாம். 2008-ல் அது 65 நாள். அப்போதும் வரம்பு தாண்டிக்கொண்டே இருந்தது. வணிக மீனவர்கள் வழக்குப் போட்டார்கள். "நாங்கள் கணக்குக்குள் நிற்கிறோம், அவர்களை நிறுத்தவில்லையே" என்பது அவர்கள் வாதம். 2014-ல் வாஷிங்டன் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷப் பருவம் 9 நாளாகச் சுருங்கியது. 2017-ல் தனியார் படகுகளுக்கு மூன்றே நாள் என்று அறிவித்தார்கள். கூச்சல் எழுந்தது. அமெரிக்க மத்திய அரசின் வணிக அமைச்சகமே தலையிட்டு அதை 42 நாளாக நீட்டியது. அளவு மீறும் என்று தெரிந்தேதான் நீட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாள் குறைந்துகொண்டு வந்த அதே வருஷங்களில் மீன் பெருகிக்கொண்டிருந்தது. மீன் பெருகினால் நாளும் கூட வேண்டாமா என்று என்னிடம் கேட்காத படகோட்டி இல்லை. வரம்பு எண்ணிக்கையில் இல்லை, எடையில் இருக்கிறது. மீன் பெருகும்போது கரைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது, பெரிதாகவும் கிடைக்கிறது. முன்பு நாள் பூராவும் அலைந்து ஒன்றரைக் கிலோ மீன் பிடித்தவர் இப்போது காலை எட்டு மணிக்கே மூன்று கிலோ மீன் இரண்டோடு திரும்புகிறார். பத்து நாளில் தீர வேண்டிய எடை ஐந்து நாளில் தீர்கிறது. போதாக்குறைக்குக் கரையோர மாநிலக் கடலில் மாநிலங்கள் தங்கள் இஷ்டத்துக்கு நாளைக் கூட்டின. உங்கள் டெக்சஸில் ஒன்பது கடல் மைல் வரை வருஷம் முழுக்கத் திறந்தே வைத்திருந்தார்கள், அதுவும் ஆளுக்கு நாலு மீன். அங்கே பிடித்ததையெல்லாம் மத்தியக் கடலின் நாட்களில் கழித்தார்கள். 2020-க்குப் பிறகு தனியார் படகுகளின் பங்கை மாநிலங்களிடமே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்கு நாள் முன்னைவிடக் கூடுதலாகத் தெரிவது அதனால்தான்.

2021-ல் வெளிவந்த பெரிய கணக்கெடுப்பு வளைகுடாவில் சுமார் 11 கோடி ரெட் ஸ்னாப்பர் இருப்பதாகச் சொன்னது. அதுவரை நினைத்திருந்தது 3.6 கோடி. பின்னால் 11 கோடியைக் கொஞ்சம் குறைத்தார்கள், ஆனாலும் பழைய மதிப்பீட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான். "பார்த்தீர்களா, கடல் நிறைய மீன், சும்மா பயமுறுத்தினீர்கள்" என்று துறையில் பலர் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். கணக்கெடுப்பை முழுக்கப் படித்தால் கதை வேறு. கூடுதலாகத் தெரிந்த மீனில் பெரும்பகுதி பாறையோ கப்பல் சிதைவோ இல்லாத வெறும் மணல் தரையில் சிதறிக் கிடக்கிறது. நீங்கள் போகப்போவது ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்த பார்களுக்கும் (கடலடிப் பாறைத் திட்டுகளுக்கும்) எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்கும்தான். எல்லாப் படகும் அங்கேதான் போகிறது. கடலில் 11 கோடி இருக்கலாம், தூண்டில் இறங்குகிற பாரில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு.

"அளவு குறைந்ததைத்தான் திரும்ப விட்டுவிடுகிறோமே" என்பதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒருமுறை வாடகைப் படகில் கூடப் போயிருந்தேன். சுமார் 40 மீட்டர் ஆழம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ரீலைச் சுற்றோ சுற்றென்று சுற்றி ஒரு ஸ்னாப்பரை மேலே கொண்டுவந்தான். அளவுகோலில் வைத்தால் 14 அங்குலம். விட வேண்டிய மீன். அதன் கண் இரண்டும் பிதுங்கி நின்றன, வாயிலிருந்து இளஞ்சிவப்பாக பலூன் மாதிரி ஒன்று வெளியே தள்ளியிருந்தது. பையன் பயந்துவிட்டான். படகில் வேலை செய்த ஆள் முள்ளைப் பிடுங்கிவிட்டு மீனைத் தண்ணீரில் எறிந்தார். அது வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. வாலை நாலு தரம் அடித்துப் பார்த்தது, தலையைக் கீழே திருப்ப முடியவில்லை. படகைச் சுற்றியே வந்துகொண்டிருந்த டால்பின் ஒன்று இருபது எண்ணுவதற்குள் அதை எடுத்துக்கொண்டு போனது. படகுக்காரரின் ஏட்டில் அது "விடப்பட்ட மீன்".

நடந்தது என்னவென்றால், மீனுக்குள் காற்றுப்பை உண்டு. நம் கடற்கரையில் நெட்டி என்பார்களே, கூறல் கத்தாழையில் எடுத்துக் காயவைத்து விற்பார்களே, அதே உறுப்புதான். 40 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல ஐந்து மடங்கு. அங்கிருந்து ஒரு நிமிஷத்தில் மேலே இழுத்தால் பைக்குள் இருக்கும் காற்று ஐந்து மடங்காக விரியப் பார்க்கும். பை கிழியும், குடலை நெருக்கும், இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளும். மீனால் மறுபடி மூழ்க முடியாது. வெயிலில் மிதந்து சாகும், அல்லது யாருக்காவது இரையாகும்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். ஃபுளோரிடாவின் கிழக்குப் பக்கம், அட்லாண்டிக் கரையில், 2024-ல் ரெட் ஸ்னாப்பருக்கு ஒரே ஒரு நாள்தான் பருவம்: ஜூலை 12. ஆளுக்கு ஒரே மீன். வருஷத்துக்கு ஒரு நாள் பிடித்தால் மீன் சாகாது என்றுதானே நினைப்போம்? சாகிறது. மிச்ச நாளெல்லாம் களவாவுக்கும் மற்ற பார் மீனுக்கும் தூண்டில் போடுகிறவர்களின் முள்ளில் ஸ்னாப்பரும் மாட்டுகிறது. சட்டப்படி அதைத் திரும்ப எறிகிறார்கள். அந்தக் கரையில் செத்துப்போகும் ஸ்னாப்பரில் பெரும்பகுதி யார் சட்டியிலும் வேகாதது, இப்படி எறிந்து செத்ததுதான். எனக்கு இந்த வேலையில் மனம் கசந்துபோன இடம் இது. பிடித்தவனும் தின்னவில்லை, கடலுக்கும் மிஞ்சவில்லை.

"மீன் குறைந்தால் எங்களுக்கே தெரியுமே, தூண்டிலில் கடிப்பது குறைந்துபோகுமே" என்பது நான் அடிக்கடி கேட்ட இன்னொரு பேச்சு. அதற்குப் பதில் தெற்குக் கலிஃபோர்னியாவில் இருக்கிறது. அங்கே கெல்ப் பாஸ், பார்டு சாண்ட் பாஸ் என்று இரண்டு மீன். இவற்றை விற்பதற்காகப் பிடிக்க 1953-லிருந்தே தடை. ஆக, பழி போட இழுவலைக்காரர் யாரும் கிடையாது, முழுக்க முழுக்கப் பொழுதுபோக்கு மீன். கோடையில் இவை முட்டையிடக் கூட்டம் கூட்டமாகச் சேரும். சாண்ட் பாஸ் ஹண்டிங்டன் ஃபிளாட்ஸ் என்ற மணல் தரையில் கூடும். வாடகைப் படகுகளும் அங்கேயே கூடும். கடலெங்கும் இருந்த மீன் பத்தில் ஒன்றாகக் குறைந்தாலும், அந்தப் பத்தில் ஒன்றும் கோடையில் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. அதனால் தூண்டில் போடுகிறவருக்கு மீன் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. 2011-ல் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிராட் எரிஸ்மன் குழு படகு ஏடுகளை மட்டும் நம்பாமல், கரையோர மின் நிலையங்கள் குளிர்விக்க உறிஞ்சும் கடல் நீரோடு வந்து மாட்டும் மீன்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தது. 1980-க்குப் பிறகு இவ்விரண்டு மீனும் சேர்ந்து 90 சதவீத அளவுக்குச் சரிந்திருந்தன. கடல் வெப்பநிலை மாறியதற்கும் இதில் பங்கு உண்டு என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் சரிவு நடந்துகொண்டிருந்த வருஷங்களில் படகு ஏட்டைப் பார்த்திருந்தால் கடல் செழிப்பாக இருக்கிறது என்றுதான் தோன்றியிருக்கும். 2013-ல்தான் ஆளுக்குப் பத்து என்றிருந்ததை ஐந்தாகக் குறைத்து, குறைந்தபட்ச நீளத்தை 14 அங்குலமாக்கினார்கள்.

கண்ணும் ஏமாறும். ஃபுளோரிடாவின் தென்கோடியில் கீ வெஸ்ட் என்ற ஊர். அங்கே படகு திரும்பியதும் அன்று பிடித்ததைப் பலகையில் வரிசையாகத் தொங்கவிட்டு, பிடித்தவர்களை முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். லோரன் மெக்ளெனகன் என்ற ஆய்வாளர் 1956 தொடங்கி 2007 வரையிலான அந்தப் படங்களைச் சேகரித்து, பலகையின் அளவை வைத்து மீனின் அளவைக் கணக்கிட்டார். ஐம்பதுகளின் படத்தில் தொங்குவது ஆளைவிடப் பெரிய களவாக்களும் சுறாக்களும். மீனின் சராசரி எடை 19.9 கிலோ. 2007 படத்தில் தொங்குவது பெரும்பாலும் சின்ன ஸ்னாப்பர்கள், சராசரி 2.3 கிலோ. அந்த ஆய்வில் என்னால் மறக்க முடியாதது இரண்டு. படகில் ஏற வாங்கும் கட்டணம், விலைவாசியைச் சரிக்கட்டிப் பார்த்தால், மாறவே இல்லை. படத்தில் நிற்பவர்களின் சிரிப்பும் மாறவில்லை. தாத்தா பிடித்ததைப் பேரன் பார்த்ததில்லை, அதனால் அவனுக்கு இது பெரிய மீன். அந்தப் பெரிய களவாவை, கோலியாத் என்பார்கள், 1990-ல் முற்றிலும் தடை செய்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 2023-ல், குலுக்கல் போட்டு மொத்தமே 200 அனுமதிச் சீட்டுக் கொடுத்தது ஃபுளோரிடா. அதுவும் 24 முதல் 36 அங்குலம் வரையுள்ள குட்டிகளை மட்டும் எடுக்க.

மீனைத் தவிர்த்த சேதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது படகு ஓட்டும் பழக்கத்தைப் பொறுத்தது. ஆழம் குறைந்த இடத்தில் இயந்திரத்தைத் தூக்காமல் ஓட்டினால் விசிறி கடற்புல்லை வேரோடு உழுதுவிடும். ஃபுளோரிடாவில் 1995-ல் எடுத்த கணக்கில் 1,73,000 ஏக்கர் கடற்புல் பரப்பில் இப்படிப்பட்ட கீறல்கள் இருந்தன. வானத்திலிருந்து பார்த்தால் பிளேடால் கிழித்த மாதிரி வெள்ளைக் கோடுகள். ஆமைப்புல் அந்தக் கோட்டை மூட வருஷக்கணக்காகும். இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளர்வது அந்தப் புல்லுக்குள்தான். பவளப்பாரில் நங்கூரம் போடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அறுந்த தங்கூஸும் அப்படித்தான், பாரில் சிக்கினால் எளிதில் மக்காது.

உங்கள் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். ரெட் ஸ்னாப்பரை முதலில் குலைத்ததில் இறால் இழுவலைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. விரல் நீளக் குஞ்சுகள் இறாலோடு சேர்ந்து வலையில் வந்து செத்தன. 1998-லிருந்து குஞ்சு தப்பிக்க வலையில் வழி வைக்கச் சொன்னார்கள். ஆனால் 2000-க்குப் பிறகு இறால் படகுகளையே குறைத்தது டீசல் விலையும் புயல்களும் ஆசியப் பண்ணை இறாலின் மலிவு விலையும். அந்த வருஷங்களின் பிற்பகுதியில் நம் ஆந்திரப் பண்ணைகளின் வனாமி இறாலுக்கும் பங்கு உண்டு. வளைகுடா ஸ்னாப்பர் மீண்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை எந்தப் பிரசுரத்திலும் கொட்டை எழுத்தில் போட மாட்டார்கள்.

கணக்கு எடுப்பதிலும் தகராறு இருக்கிறது. வணிகப் படகு இறங்கும் இடம் தெரியும். உங்கள் படகு யார் வீட்டுக் கொல்லைக் கால்வாயிலிருந்தும் கிளம்பலாம். அதனால் பல கரையோர மாநிலங்களில் வீடுகளுக்குக் கடிதம் அனுப்பி "எத்தனை தடவை மீன் பிடிக்கப் போனீர்கள்" என்று கேட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். 2023-ல் அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவாவின் மீன்வளத் துறையே ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டது. கேள்விகளின் வரிசையை மாற்றிக் கேட்டுப் பார்த்தபோது பயணங்களின் எண்ணிக்கை 30 முதல் 40 சதவீதம் குறைவாக வந்தது. இவ்வளவு ஆட்டம் காணும் எண்ணை வைத்து மூன்று நாள், நாலு நாள் என்று வெட்டுகிறார்கள் என்று தூண்டில்காரர்கள் கோபப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. அலபாமா மாதிரி, பிடித்த ஸ்னாப்பரைக் கரையிறக்கும் முன் அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கிய மாநிலங்கள் இதில் கெட்டிக்காரர்கள். அங்கே இந்த ஏற்பாடு 2014-லிருந்து இருக்கிறது. உங்கள் டெக்சஸில் இதைச் செயலியில் அறிவிக்கலாம், கட்டாயமில்லை. கட்டாயமில்லாவிட்டாலும் போடுங்கள்.

சரி, படகு வாங்கலாமா? வாங்குங்கள். முதலில் ஐஸ் பெட்டி வாங்கும்போதே மீனை ஆழத்துக்கு இறக்கும் கருவி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். உதட்டைக் கவ்விக்கொண்டு கனத்த எடையோடு கீழே போய், குறித்த ஆழத்தில் தானே வாயைத் திறந்துவிடும். வளைகுடாவின் மத்திய அரசுக் கடலில் பார் மீன் பிடிக்கும் படகில் இதுவோ காற்றைப் போக்கும் ஊசியோ தயாராக இருக்க வேண்டும் என்று 2022-ல் சட்டமே நடைமுறைக்கு வந்தது. ஊசியைவிடக் கருவியே மேல். ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் வாயில் தள்ளி நிற்கும் பலூனைக் காற்றுப்பை என்று நினைத்து அதில் குத்துகிறார்கள். அது இரைப்பை. குத்தினால் மீன் செத்த மாதிரிதான். முள்ளும் வட்ட முள்ளாக இருக்கட்டும். வாயோரத்தில் மாட்டும், தொண்டைக்குள் போகாது.

இன்னொன்று. நாலு பேருக்கும் இரண்டிரண்டு கிடைத்ததும் பெரும்பாலான படகுகள் அதே பாரில் நின்று, "இன்னும் பெரிசா வருதா பாப்போம்" என்று போட்டுக்கொண்டே இருக்கும். நான் சொன்ன மிதக்கும் மீன்கள் அதிகம் உண்டாவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். எட்டு மீன் ஆனதும் நங்கூரத்தை எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் மேல்தண்ணியில் கிங் மேக்கரலுக்கு இரையை இழுத்துக்கொண்டு வாருங்கள். நம் வஞ்சிரத்தின் உடன்பிறப்பு, அதே நீள உடம்பு, வறுத்தால் அதே வாசம். அதற்குக் காற்றுப்பையே கிடையாது. சிறிதாக இருந்து திரும்ப விட்டாலும் நேரே கீழே பாய்ந்துவிடும். அதற்கும் ஆளுக்கு இத்தனை என்று உண்டு, கிளம்பும் முன் அந்த வருஷ எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.